நூறில் பதின்மூன்று

1977 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. தீவிர ரத்தப் புற்றுநோய் முற்றிப்போன 100 பேரைப் பற்றியது அது. அவர்களில் 54 பேருக்கு மைலாய்டு வகைப் புற்று, 46 பேருக்கு லிம்போபிளாஸ்டிக் வகை. அன்று கைவசம் இருந்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்து, எதற்கும் நோய் அடங்காத நிலையில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு உடன்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை செலுத்தப்பட்டது. கட்டுரை எழுதப்பட்ட நேரத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 13 பேர்.

எண்பத்தேழு பேரைக் குணமாக்க முடியாத சிகிச்சையை யாராவது சாதனை என்பார்களா? ரத்தப் புற்றுநோய் வார்டில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்த நிலைக்கு வந்த நோயாளி சில வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள் இருப்பார். அதற்கு மேல் யாரும் எதிர்பார்த்ததில்லை. இந்த 13 பேரோ, சிகிச்சை முடிந்து ஓராண்டிலிருந்து நாலரை ஆண்டுகள்வரை ஆகியும், புற்றுநோய்க்கென்று ஒரு மாத்திரைகூட எடுக்காமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு நோய் திரும்புவது அபூர்வம் என்பதும் தெரிந்தது. முற்றிய லுகேமியாவிலிருந்தும் ஒருவர் முழுமையாக மீள முடியும் என்பதற்கு மருத்துவ உலகம் கண்ட உறுதியான சான்று அது.

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஈ. டானல் தாமஸ். அந்தப் பதின்மூன்று பேரை எட்ட அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விடாமுயற்சியைத்தான் பாராட்டுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறொன்று. மனிதர்கள்மீது செய்துகொண்டிருந்த சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டு, சில ஆண்டுகள் பின்வாங்கி, தவறு எங்கே என்று தேடப் போனாரே, அந்தத் துணிவு. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் 1977 இல் எண்ணிச் சொல்ல ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார்.

தாமஸ் 1920 இல் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் டாக்டர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். அபூர்வமாகப் பனி பெய்த ஒரு நாளில், இதழியல் படித்துக்கொண்டிருந்த டாரதி மார்ட்டின் எறிந்த பனி உருண்டை அவர்மேல் வந்து விழுந்தது. 1942 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். தாமஸ் ஹார்வர்டில் மருத்துவம் படிக்கப் போனதும் டாரதி இதழியலை விட்டுவிட்டு ஆய்வகத் தொழில்நுட்பம் பயின்றார். அதற்குப் பிறகு கணவரின் ஆய்வில் அவர் கை படாத பக்கம் இல்லை. ரத்த மாதிரி எடுப்பது, நுண்ணோக்கியில் அணுக்களைப் பார்ப்பது, ஆய்வு மானியங்களின் கணக்கு, கட்டுரைகளைத் திருத்துவது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் கூடவே உழைத்தார். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குத் தாமஸ் தந்தை என்றால் டாரதிதான் தாய் என்று அந்தத் துறையினர் சொல்வது முகத்துதி அல்ல. ஆனாலும் நோபல் பரிசுப் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது.

இங்கே மஜ்ஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் உள்ளே இருக்கும் சிவந்த, கூழ் போன்ற திசு அது. ஒரு நாளில் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கே உற்பத்தியாகின்றன. தட்டணுக்களின் ஆயுள் எட்டுப் பத்து நாள்தான். வெள்ளையணுக்களில் முக்கியமான ஒரு வகைக்கு அதைவிடவும் குறைவு. எனவே உற்பத்தி ஒரு வாரம் நின்றாலே உடல் ஆட்டம் காணும். இத்தனைக்கும் மூலம் மிகச் சில ஸ்டெம் செல்கள். தங்களையே பெருக்கிக்கொள்ளவும், எந்த வகை ரத்த அணுவாகவும் மாறவும் வல்லவை அவை. லுகேமியாவில் இந்த உற்பத்தி வரிசையில் எங்கோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்கி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. நோயாளி ரத்தசோகையில் வெளுக்கிறார், சாதாரணக் கிருமிக்கும் தாக்குப்பிடிக்க முடிவதில்லை, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிகிறது.

கெட்ட செல்களைக் கதிர்வீச்சால் முற்றாக அழித்துவிடலாம். அதற்கு வேண்டிய அளவு கதிர்வீச்சைக் கொடுத்தால் மஜ்ஜையும் சேர்ந்து அழியும், ஆளும் பிழைக்கமாட்டார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதிர்வீச்சு உடலை எப்படிக் கொல்கிறது என்று ஆராய அரசுகள் பணத்தைக் கொட்டின. அந்த ஆராய்ச்சியில் எதிர்பாராமல் கிடைத்ததுதான் முதல் வெளிச்சம். 1949 இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் ஓர் எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு, கொல்லும் அளவு கதிர்வீச்சைச் செலுத்தினார். எலி பிழைத்துக்கொண்டது. எலியின் மண்ணீரலிலும் ரத்தம் உற்பத்தியாகும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஈகன் லோரன்ஸ் குழுவினர், கதிர்வீச்சுக்குப் பிறகு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினாலே போதும் என்று காட்டினார்கள். மஜ்ஜையில் இருக்கும் ஏதோ ஒரு சுரப்புதான் காப்பாற்றுகிறது என்று முதலில் நினைத்தார்கள். ஐம்பதுகளின் நடுவில், காப்பாற்றுவது செல்கள்தாம் என்பது நிரூபணமாயிற்று. வந்த செல்கள் புது உடலில் குடியேறி, அங்கேயே ரத்தம் உண்டாக்கத் தொடங்கியிருந்தன.

அப்போது தாமஸ் பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் பயிற்சியை முடித்திருந்தார். 1954 இல் அதே மருத்துவமனையில்தான் ஜோசப் மர்ரி, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களுக்குள் சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்றினார். உறுப்பு மாற்றம் என்பது கற்பனை அல்ல என்ற நம்பிக்கை அந்தக் கட்டடத்துக் காற்றில் இருந்தது. 1955 இல் தாமஸ் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் இருந்த மேரி இமோஜின் பாசெட் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஜோசப் ஃபெரெபீயோடு சேர்ந்து, எலிக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய முயன்றார்.

1957 செப்டம்பரில் வெளியான அவர்களுடைய முதல் கட்டுரையில் 6 நோயாளிகள். கதிர்வீச்சோ மருந்தோ கொடுத்து, பிறருடைய மஜ்ஜையை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். மஜ்ஜையை இப்படி ஏற்றுவதால் மட்டும் ஆபத்து வரவில்லை என்பது தெரிந்தது. இருவருக்கு மட்டும் வந்த மஜ்ஜை சிறிது காலம் வேர்பிடித்தது. நூறு நாட்களுக்குள் ஆறு பேரும் இறந்துபோனார்கள். 1959 இல் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இருந்த லுகேமியா நோயாளிகளுக்குச் செய்தபோது மஜ்ஜை அழகாகப் பிடித்தது. ரத்தம் சீரானது. சில மாதங்களில் லுகேமியா திரும்பி வந்தது. இந்தத் தோல்விக்குள் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருந்தது. அதை வாசிக்க இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

1958 அக்டோபரில் யுகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வு நிலையத்தில் விபத்து நடந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான இளம் ஆய்வாளர்களைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் மாத்தே ஐந்து பேருக்கு மஜ்ஜை செலுத்தினார், நால்வர் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது தற்காலிகமாகப் பிடித்த அந்த மஜ்ஜைதானா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் செய்தி உலகெங்கும் பரவ, பல நாடுகளில் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையில் இறங்கினார்கள். அறுபதுகளின் இறுதிவரை நடந்தவற்றை மார்ட்டிமர் போர்ட்டின் என்பவர் பின்னர் தொகுத்தார். ஏறக்குறைய 200 மஜ்ஜை மாற்றங்கள். கிட்டத்தட்ட எல்லாமே தோல்வி. எலிகளில் பலித்தது மனிதரிடம் பலிக்காது, ஒரு மனிதருக்கும் மற்றொருவருக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டவே முடியாது என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக இதைக் கைவிட்டன.

தாமஸ் இரண்டில் எதையும் செய்யவில்லை. கைவிடவும் இல்லை, தொடர்ந்து நோயாளிகள்மீது முயன்றுகொண்டிருக்கவும் இல்லை. இரட்டையர் அல்லாதவர்களுக்கு மஜ்ஜை மாற்றுவதை நிறுத்திக்கொண்டு நாய்களிடம் திரும்பினார்.

ஏன் நாய்? ஆய்வுக்கூட எலிகள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஒரே வகை எலிகள் எல்லாம் மரபில் இரட்டையர் போலத்தான். அவற்றில் கிடைக்கும் முடிவு மனிதருக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. நாய்களோ மனிதரைப் போலவே கலப்புள்ளவை. ஒரே ஈற்றில் பல குட்டிகள் கிடைப்பதால் உடன்பிறப்புகளை ஒப்பிடலாம். நாய்களுக்குத் தாமாகவே ரத்தப் புற்றும் வருகிறது. தாமஸ் நோய்க்கு ஏற்ற விலங்கைத் தேடினார் என்பதைவிட, கேள்விக்கு ஏற்ற விலங்கைத் தேடினார் என்றே சொல்ல வேண்டும். கேள்வி இதுதான்: கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே என்ன பொருந்தினால் மஜ்ஜை நிலைக்கிறது?

இறந்த நாய்களில் இரண்டு விதம் தெரிந்தது. சில நாய்களின் உடல், வந்த மஜ்ஜையை ஏற்காமல் வெளியேற்றியது. இதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மற்றவற்றில் மஜ்ஜை நன்றாகவே பிடித்தது. அதன் பிறகு தோல் சிவந்து உரிந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கல்லீரல் கெட்டது. மஜ்ஜையோடு கொடையாளரின் நோய் எதிர்ப்பு அணுக்களும் உள்ளே வந்துவிடுகின்றன. அவை புது உடலையே அன்னியம் என்று கருதித் தாக்குகின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடிப்பதைப் போல. மருத்துவமனைகளில் இதை ஜி.வி.எச்.டி. என்று சொல்வார்கள். சிறுநீரகம், கல்லீரல் மாற்றத்தில் உடல் உறுப்பை நிராகரிக்கும் ஆபத்துதான் முதன்மை. மஜ்ஜை மாற்றத்தில் உறுப்பும் உடலை நிராகரிக்கும். இத்தனை பேர் இதில் தோற்றதற்கு அதுவே காரணம்.

1963 இல் தாமஸ் சியாட்டிலுக்குப் போனார். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பணி, பொதுச் சுகாதார சேவை மருத்துவமனையில் இடம். (பின்னாளில் அமேசான் நிறுவனம் தன் தலைமையகமாக வைத்துக்கொண்டது அதே கட்டடத்தைத்தான்.) அங்கே அவருக்கு ஒரு குழு அமைந்தது. ராபர்ட் எப்ஸ்டைன், ஜெர்மனியிலிருந்து வந்த ரெய்னர் ஸ்டார்ப், டீன் பக்னர், அலெக்ஸ் ஃபெஃபர், ரெஜ் கிளிஃப்ட். எப்ஸ்டைனும் ஸ்டார்பும் நாய்களின் திசு வகையை ரத்தப் பரிசோதனையில் கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். 1968 இல் விடை கிடைத்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் திசு வகை பொருந்தினால், மஜ்ஜை மாற்றிய பிறகு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சில காலம் கொடுத்தால், பெரும்பாலான நாய்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. பொருந்தாதவை இறந்தன.

மனிதருக்கும் அப்படியொரு திசு அடையாளம் உண்டு என்பதைப் பாரிஸில் ஜான் தோசே 1958 இல் கண்டுபிடித்திருந்தார். இன்று ஹெச்.எல்.ஏ. என்கிறோம். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி வருவதால், உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1968 இல் மினியாபொலிஸில் ராபர்ட் குட், பிறவியிலேயே நோய் எதிர்ப்புத் திறன் இல்லாத ஒரு கைக்குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டார். அந்தக் குழந்தைக்கு எதிர்த்து நிற்க எதிர்ப்பு மண்டலமே கிடையாது, புற்றும் கிடையாது. லுகேமியா நோயாளிக்குச் செய்வது அதைவிடக் கடினம். 1969 மார்ச்சில் சியாட்டில் குழு மீண்டும் மனிதருக்கு வந்தது. பொருந்திய உடன்பிறப்பின் மஜ்ஜை அந்த நோயாளிக்குப் பிடித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள் சைட்டோமெகலோ என்ற வைரஸ் தாக்கிய நுரையீரல் அழற்சியில் அவர் இறந்தார். ஆனால் அந்த முதல் நாட்களின் மரணங்களிலிருந்து இதில் ஒரு வேறுபாடு இருந்தது. இப்போது ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்தால் வேலை தெரியும்.

ஒரு மஜ்ஜை மாற்றம் அன்று எப்படி நடந்தது என்று பார்ப்போம். நோயாளிக்கு முதலில் சைக்ளோஃபாஸ்பமைடு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், இரண்டு நாள். பிறகு உடல் முழுவதும் 1000 ராட் கதிர்வீச்சு. இரண்டு கோபால்ட்-60 மூலங்களை எதிரெதிரே வைத்து நடுவில் நோயாளி. கதிர்வீச்சில் வலி எதுவும் தெரியாது. குமட்டலும் வாந்தியும் பிறகு வரும். அந்த நேரம் தொடங்கி நோயாளிக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. அவருடைய சொந்த மஜ்ஜை இனி உயிர்க்காது.

மறுபுறம் அறுவை அரங்கில், மயக்கத்தில் குப்புறப் படுத்திருக்கிறார் அவருடைய அண்ணனோ தங்கையோ. இடுப்புக்குப் பின்னால், தோலுக்கு அடியில் கைவைத்தால் தட்டுப்படும் எலும்பின் விளிம்பில் தடித்த ஊசியைக் குத்துகிறார்கள். எலும்பின் மேல்தட்டைத் துளைக்கும்போது கைக்கு அந்த எதிர்ப்பு தெரியும், உள்ளே போனதும் தளரும். உறிஞ்சினால் சில மில்லி மட்டுமே எடுக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மஜ்ஜைக்குப் பதில் வெறும் ரத்தம் வரும். எனவே ஊசியைச் சற்று நகர்த்தி மறுபடி, மறுபடி. நூறு முறைக்கு மேலும் குத்த வேண்டியிருக்கும். எடுத்த மஜ்ஜை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு ஒரு குவளையில் சேர, எலும்புத் துணுக்குகளையும் கொழுப்பையும் நீக்க எஃகு வலைகளில் வடிகட்டுகிறார்கள். கிடைப்பது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். பார்க்க அடர்ந்த ரத்தம் போலத்தான் இருக்கும். அதை நோயாளியின் அறைக்குக் கொண்டுபோய், சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதுபோல ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. செல்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றி, தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துப் போய்ச் சேர்கின்றன.

அதன் பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு காலையும் ரத்தம் எடுத்து வெள்ளையணுக்களை எண்ணுவார்கள். முதல் பத்துப் பதினைந்து நாட்கள் எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். வாயெல்லாம் புண், விழுங்க முடியாது, காய்ச்சல். அறைக்குள் வருபவர்கள் கை கழுவி, முகமூடி அணிந்து, பொறுமையோடு நோயாளியின் தோல், வாய், வெப்பநிலை மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்தவர்கள் செவிலியர்கள். மஜ்ஜை மாற்றத்தின் வெற்றி பெருமளவு செவிலியர் கையில் என்பதைத் தாமஸ் ஒருபோதும் மறந்ததில்லை. அறுபதுகளில் புழக்கத்துக்கு வந்த தட்டணு ஏற்றமும் புதிய கிருமிக்கொல்லிகளும் இல்லாமல் இந்த வாரங்களைக் கடக்கவே முடிந்திருக்காது. ஒரு நாள் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். மறுநாளும் ஏறும். ஆண் நோயாளிக்குச் சகோதரி கொடுத்திருந்தால், அவர் ரத்தத்தில் இப்போது பெண்ணின் குரோமோசோம்கள் இருக்கும். வாழ்நாள் முழுதும் அப்படியேதான்.

1975 இல் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் திறக்கப்பட்டது. வில்லியம் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவர், நுரையீரல் புற்றில் 45 வயதில் இறந்த தம்பியின் நினைவாகத் தொடங்கியது. தம்பி புகழ்பெற்ற பேஸ்பால் வீரர். தாமஸின் குழு அங்கே குடிபெயர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்த 100 பேரின் கட்டுரை வந்தது.

அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி எளியது. இவ்வளவு முற்றிய பிறகே 13 பேர் பிழைக்கிறார்கள் என்றால், நோய் அடங்கியிருக்கும் நேரத்தில், உடல் தெம்போடு இருக்கும்போதே செய்தால் என்ன? 1979 இல் வெளியான கட்டுரையின்படி, முதல் சிகிச்சையில் நோய் அடங்கியிருந்த மைலாய்டு லுகேமியா நோயாளிகளுக்குச் செய்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். இது துணிச்சலான முடிவு. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிற ஒருவரிடம், இந்தச் சிகிச்சையே உங்களைக் கொல்லலாம் என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

அதே 1979 இல் சியாட்டில் குழுவினர் தங்கள் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து வேறொன்றையும் சொன்னார்கள். இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதையே சொல்வேன். ஜி.வி.எச்.டி. வந்து தப்பியவர்களுக்கு லுகேமியா திரும்புவது, அது வராதவர்களைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. இரட்டையரின் மஜ்ஜையைப் பெற்றவர்களுக்கு ஜி.வி.எச்.டி. வருவதில்லை, அவர்களுக்குப் புற்று அதிகமாகத் திரும்பியது. 1959 இல் இரட்டையர்களுக்குச் செய்ததில் மஜ்ஜை அத்தனை அழகாகப் பிடித்தும் நோய் ஏன் திரும்பியது என்பது இப்போது விளங்கிற்று. கதிர்வீச்சு கடைசி செல்வரை கொல்வதில்லை. மிச்சமிருக்கும் புற்று செல்களைத் தேடிப் பிடித்து அழிப்பது கொடையாளரின் எதிர்ப்பு அணுக்கள். இரட்டையரின் அணுக்களுக்கு அந்தப் புற்று செல் சொந்த வீட்டு ஆளாகவே தெரியும், தொடாது.

தாமஸ் தொடங்கியபோது கதிர்வீச்சுதான் மருந்து, மஜ்ஜை அதன் சேதத்தைச் சரிசெய்யும் பொருள். இருபது ஆண்டுகள் கழித்து மஜ்ஜையே மருந்து என்று தெரிந்தது. நோயாளியைக் கொன்றதும் குணமாக்கியதும் ஒரே ஆற்றல். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பார்ன்ஸ், லௌட்டிட் இருவரும் 1956 இலேயே எலிகளை வைத்து இதை ஊகித்திருந்தார்கள். எண்பதுகளில் மஜ்ஜையிலிருந்து டி-செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை முன்கூட்டியே நீக்கிப் பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. குறைந்தது, நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் நோய் திரும்புவது கூடிற்று. 1990 இல் மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், மஜ்ஜை மாற்றிய பிறகும் நோய் திரும்பிய சிலருக்குக் கொடையாளரின் வெள்ளையணுக்களை ஏற்றினார், லுகேமியா பின்வாங்கியது. இதையெல்லாம் வைத்து ஸ்டார்ப், கடுமையான கதிர்வீச்சே வேண்டாம், 200 ராட் அளவு கொடுத்துப் புது அணுக்களுக்கு இடம் மட்டும் உண்டாக்கினால் மிச்ச வேலையை அவை பார்த்துக்கொள்ளும் என்று நாய்களில் காட்டி, பிறகு மனிதரிடம் கொண்டுவந்தார். 50 வயதைத் தாண்டியவருக்குச் செய்யத் தயங்கிய சிகிச்சை இன்று 70 வயதுக்காரருக்கும் நடக்கிறது. நோயாளியின் சொந்த டி-செல்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கவிடும் கார்-டி சிகிச்சைக்கும் பின்னணியில் இருப்பது இந்தப் பாடம்தான்.

1990 இல் தாமஸுக்கும் மர்ரிக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் இருந்த இரண்டு நண்பர்கள். தாமஸ் 2012 அக்டோபரில் 92 வயதில் காலமானார். அந்த டிசம்பரில் உலகில் நடந்த ரத்த ஸ்டெம் செல் மாற்றங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. டாரதி 2015 இல் மறைந்தார்.

இதெல்லாம் தொலைதூரக் கதை அல்ல. தாமஸிடம் சியாட்டிலில் பயின்ற டாக்டர் சுரேஷ் அத்வானி, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983 இல் இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்றத்தைச் செய்தார். சிறுவயதில் போலியோவால் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்தவர் அவர். 1986 இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டி தொடங்கிய பிரிவு, தலசீமியாவோடு பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றும் வாழ்க்கையிலிருந்து விடுதலை தந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் அறிவியலால் தீராமல் நிற்கிறது. உடன்பிறந்தவர் பொருந்தாத நோயாளி என்ன செய்வார்? 1979 இல் சியாட்டிலில் 10 வயதுச் சிறுமி ஒருத்திக்கு உறவே இல்லாத ஒருவரின் மஜ்ஜை பொருந்தியது. அவர் அந்த ஆய்வு மையத்திலேயே வேலை செய்தவர், அவருடைய திசு வகை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. மஜ்ஜை பிடித்தது. பின்னர் லுகேமியா திரும்பி அவள் இறந்துபோனாலும், அந்தக் குடும்பத்தின் முயற்சி அமெரிக்கத் தேசியக் கொடையாளர் பதிவகம் உருவாகத் துணைநின்றது. இன்று உலகப் பதிவகங்களில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். எட்டுக் கோடிச் சொச்சம் பேர் வாழும் ஜெர்மனியில் மட்டும் 90 லட்சத்துக்கு மேல். நூற்று நாற்பது கோடியைத் தாண்டிய நம் நாட்டில் பதிவு செய்தவர்கள் சில லட்சங்கள். ஹெச்.எல்.ஏ. பரம்பரை வழி வருவது. தமிழ்க் குடும்பத்துக் குழந்தைக்குப் பொருந்தும் ஆளை ஜெர்மானியர்களுக்குள் தேடினால் கிடைப்பது கடினம், நம்மவர்களுக்குள் தேடினால்தான் உண்டு. பாதி பொருந்திய தாய் தந்தையரிடமிருந்தே மாற்றும் முறை இன்று பரவலாகிவருகிறது. அது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

கொடுப்பது இப்போது எளிது. பெரும்பாலும் இடுப்பில் குத்துவதில்லை. நான்கைந்து நாள் ஓர் ஊசி மருந்து போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவழைத்து, தட்டணு தானம்போலக் கையிலிருந்து இயந்திரம் வழியாகச் சில மணி நேரத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். உடம்பு வலி இருக்கும், சில நாளில் போய்விடும். எடுத்த செல்களை மஜ்ஜை மீண்டும் உற்பத்தி செய்துகொள்ளும். பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற பதிவகம் இயங்குகிறது. உங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்து ஆரோக்கியமாக இருந்தால் பெயரைக் கொடுங்கள். அழைப்பு வராமலேயே போகலாம். வந்தால் வீட்டார் பயமுறுத்துவார்கள், வேண்டாம் என்பார்கள். அந்த நேரத்தில் பின்வாங்காதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகு நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிடுவார்கள், அதன் பிறகு அவருக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.